இளைஞர் பணிக்குப் படிப்பு வேண்டாமா?

மருத்துவம் பயிலப் பிள்ளையை வெளிநாட்டிற்கு அனுப்ப வீட்டையே அடகு வைக்கும் பெற்றோரே! அதே பிள்ளை, ‘இளைஞர் பணித் துறையில் பட்டம் படிக்கிறேன்’ என்றால் மட்டும் நகைப்பது ஏன்?

2013இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினருள் பெரும்பாலோர் இந்தியர் என்றும் அறிவித்தது. பிரிக்பீல்ட்சு முதல் கிள்ளான் வரை புலம்பினோம். பிறகு?

வழிதவறும் இளைஞனோடு பழகி, அவன் நம்பிக்கையைப் பெற்று, மீட்டெடுப்பது பயிற்சி வேண்டும் தொழில். இங்கிலாந்தில் தகுதிபெற்ற இளைஞர் பணியாளராவதற்கு 2010 முதல் பட்டப்படிப்பு கட்டாயம். தமிழ்நாட்டின் திருப்பெரும்புதூரில் இளைஞர் மேம்பாட்டிற்கென்றே 1993இல் தேசிய நிறுவனம் ஒன்று எழுந்தது. நாமோ ஒருநாள் தன்முனைப்பு முகாமோடு கடமை முடிந்ததென்று கலைகிறோம்!

‘படித்து வந்தால் வேலை எங்கே?’ என்பீர்கள். நியாயமான கேள்விதான். இயக்கங்கள் விருந்துக்கும் மாலைக்கும் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை அவர்களுக்குச் சம்பளமாகக் கொடுக்கட்டும்!

சிந்திப்போமா?