உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு கணக்குப் பாடம்



முப்பத்தொரு வருஷம் நின்றபடியே கணக்குப் பாடம் நடத்தியவள் நான். இப்போது மூன்று வருஷமாகச் சக்கர நாற்காலி. போனில் பேசும்போது எல்லோரும் துக்க வீட்டுக் குரலில் "எப்படி இருக்கீங்க டீச்சர்?" என்கிறீர்கள். அதற்குத்தான் இந்தப் பதிவு.

நன்றாக இருக்கிறேன். லாபக் கணக்கும் உண்டு. கல்யாண மண்டபத்தில் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்க வேண்டாம், நாற்காலியோடுதான் போகிறேன். விமானத்தில் முதல் ஆளாக ஏற்றிவிடுகிறார்கள். கூட வந்த தம்பி மனைவி, "அண்ணி, இனிமே எங்க போனாலும் உங்களோடதான்" என்கிறாள். செருப்பு தேய்வதே இல்லை. பேத்திக்கு என் மடி இலவச ஆட்டோ. நடமாடிய காலத்தில் மணலுக்குச் சோம்பி மெரினாவில் அலை வரை போனதில்லை. இப்போது 263 மீட்டர் மரப்பாதையில் உருண்டு போய்ப் பார்த்துவிட்டேன்!

ஓட்டலில் சர்வர் என் மகனிடம், "அம்மாவுக்குக் காபியில சர்க்கரை போடலாமா?" என்றார். "தம்பி, காலுக்குத்தான் கோளாறு, வாய்க்கு ஒண்ணும் ஆகலை" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு மாணவியின் மகள் கல்யாணம். மண்டபம் மாடியில், லிஃப்ட் இல்லை. நான்கு பிள்ளைகள் நாற்காலியோடு தூக்கினார்கள். "டீச்சருக்குப் பல்லக்கு!" என்றார்கள். நானும் சிரித்தேன். கைப்பிடியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். பந்தியில் பாயசம் குடித்தேன், தண்ணீர் குடிக்கவில்லை. கழிப்பறைக்கு இரண்டு படி.

வரிசையில் முன்னால் விடுவது சலுகை. உள்ளே போக வழி இருப்பது உரிமை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சலுகையைக் கொடுத்துவிட்டு உரிமையை மறந்துவிடக் கூடாது.

எனவே ஒரு வீட்டுப்பாடம். சாய்தளத்தின் கணக்கு 1:12. ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். ஆறு அங்குலப் படிக்கு எத்தனை அடி? வீடு கட்டுகிறவர்கள், கடை, மண்டபம் வைத்திருப்பவர்கள் உங்கள் வாசலை அளந்து விடையை எழுதுங்கள்.

தப்பாகப் போட்டால் பழையபடி பெஞ்சு மேல் ஏற்ற மாட்டேன். பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித் தருவேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்