துணை விமானியின் சொல்லுக்கு அதிகாரம் வேண்டும்

மாண்புமிகு மத்திய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களுக்கு, திருப்பூர் மாவட்டம் மங்கலத்திலிருந்து ஒரு திறந்த மடல்.

2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், குன்றின் உச்சியைச் சமன்செய்து அமைக்கப்பட்டதால் 'டேபிள் டாப்' எனப்படும் கோழிக்கோடு (கரிப்பூர்) விமான நிலைய ஓடுதளத்தைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து உடைந்ததில், விமானிகள் இருவர் உட்பட 21 பேர் உயிரிழந்தனர். விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மழையிலும் பின்னிருந்து தள்ளிய காற்றிலும் இறங்கிய அந்த விமானம், 8,858 அடி நீள ஓடுதளத்தில் ஏறக்குறைய பாதியைக் கடந்த பின்னரே தரையைத் தொட்டது. தரையிறங்குவதைக் கைவிட்டு மீண்டும் மேலெழ வேண்டும் என்பதைக் குறிக்கும் 'கோ அரவுண்ட்' என்ற சொல்லைத் துணை விமானி உரைத்தும் தலைமை விமானி ஏற்கவில்லை. பதவி வேறுபாட்டின் அழுத்தத்தால் துணை விமானியும் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுக்கவில்லை.

இதில் நெஞ்சைப் பிசைவது, இது முதல் முறையன்று என்பதே. 2010 மே 22 அன்று 158 பேரைப் பலிகொண்ட மங்களூரு விமான விபத்திலும், பயணத்தின் பெரும்பகுதியை உறக்கத்தில் கழித்த தலைமை விமானியிடம் துணை விமானி மூன்று முறை அதே எச்சரிக்கையை விடுத்தார் என விசாரணைக் குழு பதிவு செய்தது. பத்தாண்டுக்குப் பின் அதே சொல் மீண்டும் வீணானதற்குத் தனிமனிதப் பிழையை மட்டும் காரணமாக்குவது நியாயமாகாது. கரிப்பூரில் தலைமை விமானிகள் போதிய அளவில் இல்லாததும், மறுநாள் காலை விமானத்தை ஓட்ட வேண்டிய கட்டாயமும் தலைமை விமானியின் முடிவைப் பாதித்தன என்று அறிக்கையே கூறுகிறது.

எங்கள் ஊர்ப் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் ஒரு பெண் பழுதென்று ஒதுக்கிய துணி பெட்டிக்குள் போவதில்லை. துணிக்கு உள்ள இந்தக் காப்பு, கோவையிலும் கோழிக்கோட்டிலும் விமானம் ஏறும் கொங்கு மக்களின் உயிருக்கும் வேண்டும்.

ஆகவே, துணை விமானியின் அந்த ஒரு சொல்லே தரையிறக்கத்தை நிறுத்தப் போதும் என்ற விதி ஏட்டளவில் நில்லாமல் பயிற்சியிலும் பணியட்டவணையிலும் நடைமுறையாவதை உறுதிசெய்ய வேண்டுமெனவும், கரிப்பூர் அறிக்கையின் 43 பரிந்துரைகளுள் நிறைவேறியவை எவை, நிலுவையில் உள்ளவை எவை என்பதை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் முன்வைக்க வேண்டுமெனவும் இப்பகுதி மக்கள் கேட்டுக்கொள்கின்றனர்.