கோழித் தீவனத்தில் கலந்த கடைசி மருந்து

"மண்ணிலிருந்து புது ஆன்டிபயாடிக்"னு செய்தி வந்தா உடனே ஃபார்வர்டு பண்றோம். நல்ல விஷயம்தான். ஆனா மண்ணு ஏற்கெனவே கொடுத்த ஒரு மருந்தை நாம என்ன பண்ணோம்னு கொஞ்சம் பேசுவோம் மக்களே. பெயர் கோலிஸ்டின்.

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தயாரிக்கும் பொருள் இது. லிப்போபெப்டைடு வகை. அதாவது அமினோ அமிலங்களால் ஆன ஒரு வளையம், கூடவே ஒரு கொழுப்பு வால். வளையம் கிருமியின் வெளிச்சவ்வில் ஒட்டும், வால் உள்ளே சொருகும், சவ்வு சிதைந்து கிருமி சாகும். சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை உடைக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க.

ஜப்பானில் கண்டுபிடிச்ச மருந்து. சிறுநீரகத்தைப் பாதிக்குதுன்னு 1970களில் ஓரங்கட்டிட்டாங்க. அப்புறம் மெரோபெனெமுக்கே அசராத கிளெப்சியெல்லா, அசினிட்டோபாக்டர் எல்லாம் ஐசியூக்குள்ள வந்தப்போ, பரணில் கிடந்ததை வேறு வழியில்லாம இறக்கினோம். கிட்னி அடிவாங்கும்னு தெரிஞ்சேதான் போடுறோம். கிட்னிக்கு டயாலிசிஸ் இருக்கு, உயிருக்கு?

இதே மருந்தைத்தான் கோழி சீக்கிரம் எடை போடணும்னு தீவனத்தில் கலந்தாங்க. நோயே இல்லாத கோழிக்கு!

விளைவு? கோலிஸ்டினை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு, சீனாவில் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் இருப்பதாக 2015ல் ஆய்வு வந்தது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு அது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது. சரியான முடிவு. தாமதமான முடிவு.

"அதான் புது மருந்து வருதே டாக்டர்" என்பவர்களுக்கு: 2003ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாப்டோமைசினும் லிப்போபெப்டைடுதான். ஆனா கிளெப்சியெல்லாவை அது தொடக்கூட முடியாது, அது வேறு வகைக் கிருமிகளுக்கான மருந்து. நிமோனியாவுக்கும் உதவாது. நுரையீரலில் இயற்கையா இருக்கும் சர்ஃபாக்டன்ட் அதைப் பிடிச்சு முடக்கிடும். ஒன்று போனா இன்னொன்று அந்த இடத்துக்கு வந்துடாது.

என்னைக் கேட்டா, தடை அரசாணையில் இருந்தா மட்டும் போதாது. தீவனத்தையும் இறைச்சியையும் தொடர்ந்து சோதிக்கணும். முடிவுகளைப் பொதுவெளியில் போடணும். பண்ணைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. மலிவான தடுப்பூசியும் கால்நடை மருத்துவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தா அவர் ஏன் மருந்து மூட்டை வாங்கப் போறார்?

அடுத்து என்ன கேப்பீங்கன்னு தெரியும். சிக்கன் சாப்பிடலாம், நல்லா வேக வச்சு தாராளமா சாப்பிடுங்க. பச்சைக்கறி வெட்டின பலகையில் அப்படியே வெங்காயம் நறுக்காதீங்க.