முற்பணம் முழுதும் உங்கள் உழைப்பு



சில மாதங்களுக்கு முன்னர் ஓர் அக்கா என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். கணவர் 2009இல் காணாமல் போனவர். இரண்டு பிள்ளைகள். ஓட்டோ ஓடப் பழகி, சாரதி அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டார். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினால் குடும்பத்தைக் கொண்டு போகலாம் என்பது அவருடைய கணக்கு. நகை விற்ற காசும் சீட்டுக் காசுமாக 7 இலட்சம் ரூபா கையில் இருந்தது. பாவித்த ஓட்டோ ஒன்றின் விலை 12 இலட்சம். மிகுதி 5 இலட்சத்துக்கு லீசிங் கேட்டார். "கிறிப் சரியில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இன்னொரு கம்பனி, "முற்பணம் 7 இலட்சம் கட்டுறீங்கள்தானே, கிறிப் பிரச்சினை இல்லை, நாளைக்கே கையெழுத்து வைக்கலாம்" என்றதாம்.

"தங்கச்சி, இவ்வளவு காசு கட்டினா ஆர் வேண்டாம் எண்டுவினம்?" என்று சந்தோஷமாகக் கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். முற்பணம் கூடினால் கடன் குறையும், நல்லதுதானே என்று சொல்லியும் விட்டேன். பிறகு அந்தக் கடதாசியை வாங்கிப் பார்த்தேன்.

வட்டி 18 சதவீதம், 4 வருடம், மாதம் 17,917 ரூபா. மாதா மாதம் கடன் குறைந்தாலும், முழு 5 இலட்சத்துக்கும் கடைசி வரை வட்டி போட்டிருந்தார்கள். மொத்த வட்டி 360,000 ரூபா. அதே 18 சதவீதத்தைக் குறைந்து செல்லும் மீதிக்குப் போட்டால் மாதம் ஏறக்குறைய 14,690 ரூபாதான் வரும். மொத்த வட்டி 205,000 ரூபா அளவில் முடிந்துவிடும். சதவீதம் ஒன்றுதான், வித்தியாசமோ ஒன்றரை இலட்சத்துக்கு மேல்!

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். லீசிங் முடியும் வரை வாகனப் புத்தகத்தில் நாங்கள் பதிவு செய்த உரிமையாளர் மட்டுமே. முழு உரிமை கம்பனிக்கு. தவணை தவறினால் ஒப்பந்தத்தை முடித்து வாகனத்தை எடுக்க 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் இடம் தருகிறது. 12 இலட்சம் பெறுமதியான வண்டிக்குக் கம்பனி போடுவது 5 இலட்சம். வண்டியை எடுத்து விற்றாலும் அவர்களுக்குப் பெரிய நட்டமில்லை. எங்களுடைய 7 இலட்சத்துக்குத்தான் ஆபத்து. பெரிய முற்பணம் முதலில் காப்பாற்றுவது கம்பனியைத்தான். ஆகவே அதைக் காட்டி வட்டியைக் குறைக்கக் கேட்பது எங்கள் நியாயம்.

கையெழுத்தைத் தள்ளிப்போடச் சொன்னேன். அக்காவுக்கு என் மேல் கோபம். "உங்களுக்கென்ன, மாதச் சம்பளம் வருது" என்றார். பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. இருந்தாலும் அடுத்த நாள் வந்தார். வங்கி ஊடாக விண்ணப்பித்து, இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை எடுத்தோம். அதைத்தான் கிறிப் என்கிறோம். அந்தப் பணியகம் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. கடன் விபரத்தை மட்டுமே காட்டும். கொடுப்பதா இல்லையா என்பது கம்பனியின் முடிவு.

அக்காவின் சொந்தக் குழுக்கடன் எப்போதோ முடிந்திருந்தது. அயலவர் ஒருவருக்கு அவர் வைத்த பிணைதான் 25,000 ரூபா நிலுவையுடன் நின்றது! அவருக்கே அது மறந்து போயிருந்தது. அதைக் கட்டி, கடன் முடிந்ததற்கான கடிதம் வாங்கினோம். பழைய தாமதங்கள் உடனே மறைந்துவிடாது. ஆனாலும் அந்தக் கடிதத்துடன் போனபோது வேறொரு நிறுவனம் பேச இணங்கியது.

கடைசியில் 10 இலட்சத்துக்குச் சற்றுப் பழைய ஓட்டோ ஒன்றை எடுத்தார். முற்பணம் 6 இலட்சம். மிகுதி 4 இலட்சத்துக்குக் குறைந்து செல்லும் மீதிக்கு 18 சதவீத வட்டி, 3 வருடம், மாதம் ஏறக்குறைய 14,460 ரூபா. காப்புறுதிக்கும் பெயர் மாற்றத்துக்கும் 30,000 ஒதுக்கினார். 45,000 ரூபாவை வங்கியில் விட்டார். வருமானம் நின்றாலும் மூன்று தவணைக்கு அது தாங்கும்.

சகோதரிகளே, நீங்களும் வாகனம் எடுப்பதாயின் இவற்றை மறக்க வேண்டாம்:

கையில் உள்ள காசு முழுவதையும் முற்பணமாகக் கொடுக்காதீர்கள்.

வட்டி எந்தத் தொகைக்கு, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

பழைய உரிமையாளரின் லீசிங் முடிந்து பதிவு நீக்கப்பட்டதா, எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் புத்தகத்துடன் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிப் போங்கள்.

விளங்காத மொழியில் உள்ள கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

அநீதி நடந்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம்.

அக்கா இப்போது காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எங்கள் அலுவலக வாசலால்தான் போகிறார். அந்தக் கோபம் ஆறிவிட்டது. கோர்ன் அடித்துவிட்டுத்தான் போவார்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.