தெற்கே 15 கடல் மைல்

நீலத் திமிங்கலத்தைப் பற்றி நம் பள்ளிப் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் நான்கைந்து கேள்விகள்தான். எவ்வளவு நீளம், எவ்வளவு எடை, என்ன தின்னும், எத்தனை வருடம் உயிரோடு இருக்கும், ஆளை விழுங்கிவிடுமா? பெரியவர்களிடம் இவற்றுக்குப் பதில் உண்டு. நீளம் 30 மீட்டர் வரை போகும், எடை 150 டன்னைத் தாண்டும், ஆயுள் 80, 90 ஆண்டு, ஆளை விழுங்கத் தொண்டையில் இடம் கிடையாது. எல்லாம் சரிதான். ஆனால் இந்த விலங்கு நமக்கு எவ்வளவு பக்கத்தில் வாழ்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அது ஏதோ அண்டார்க்டிகாப் பனிக்கடலின் சமாச்சாரம் என்றே விட்டுவிடுகிறோம். திருவண்ணாமலையிலிருந்து நேர்கோட்டில் தெற்கே போனால் சுமார் 700 கிலோமீட்டரில் இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனை வரும். பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்றாகச் சொல்லப்படும் தொண்டேஸ்வரம் இருந்த ஊர் அது; கோயிலைப் போர்த்துக்கீசியர் 1588-ல் இடித்தார்கள். அந்த முனைக்கு எதிரே, கரையிலிருந்து படகில் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தூரத்தில், நீலத் திமிங்கலங்கள் மேய்கின்றன. டெல்லி நமக்கு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தூரம்.

அதே கடல்தான் உலகின் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. மலாக்கா நீரிணையிலிருந்து சூயஸ் பக்கம் போகும் கப்பல்களும் அங்கிருந்து வரும் கப்பல்களும் தேவேந்திரமுனையை ஒட்டித்தான் திரும்புகின்றன. திமிங்கலம் மேயும் இடமும் கப்பல் ஓடும் தடமும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, மோதல் நடக்கிறது, திமிங்கலம் சாகிறது. தடத்தைத் தெற்கே 15 கடல் மைல் தள்ளிவைத்தால் இந்தச் சாவுகளில் மிகப் பெரும்பகுதியைத் தடுத்துவிடலாம். கொழும்பும் லண்டனிலுள்ள சர்வதேசக் கடல்சார் அமைப்பும் முடிவெடுக்கட்டும் என்று தமிழ்நாடு காத்திருக்கத் தேவையில்லை, நம் பங்கை நாமே இன்றைக்குத் தொடங்கலாம் என்பது என் வாதம்.

முதலில் இந்தத் திமிங்கலங்கள் யார் என்று பார்க்க வேண்டும். மற்றக் கடல்களின் நீலத் திமிங்கலங்கள் கோடையில் துருவத்தை நோக்கிப் போய் வயிறு நிறையத் தின்று, குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்குத் திரும்புபவை. இந்துமாக்கடலின் வடபகுதியில் இருப்பவை அப்படிப் போவதில்லை. வருடம் முழுக்க இந்த வெப்ப நீரிலேயே இரை தேடிப் பிழைக்கின்றன. உருவத்திலும் கொஞ்சம் சிறியவை. இவற்றின் பாட்டே தனி. நம் காதுக்குச் சரியாக எட்டாத அளவுக்குத் தாழ்ந்த அந்த ஒலியை வைத்தே இது இலங்கைக் கூட்டம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்கிறார்கள். அதே பாட்டு லட்சத்தீவுக் கடலிலும் பதிவாகியிருக்கிறது. இரையும் வேறு. மற்ற இடங்களில் கிரில் என்றால், இலங்கைக்குத் தெற்கே இவை பெரும்பாலும் தின்பது செர்ஜெஸ்டிட் என்ற சிறு இறால் வகையை. நம் ஊர்க் கருவாட்டுக் கடைகளில் படியால் அளந்து தரும் சென்னாக்கூனியும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். இவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்ன இரையை நம்பி இருப்பதால், இறால் திரளும் இடத்தை விட்டு அது நகர முடியாது. கண்டத்திட்டு முடிந்து கடல் சட்டென்று ஆழமாகும் விளிம்பில்தான் இறால் திரள்கிறது. இலங்கையின் தெற்கில் அந்த விளிம்பு கரைக்கு வெகு அருகில் வருகிறது.

இவை ஏற்கெனவே ஒருமுறை அடிபட்டவை. 1960-களின் நடுவில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் சர்வதேச விதிகளை மீறி, கணக்கிலும் மறைத்து, வட இந்துமாக்கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்களைக் கொன்றன. உலகம் முழுவதும் நீலத் திமிங்கல வேட்டை 1966-ல் தடை செய்யப்பட்டது. 1979-ல் இந்துமாக்கடல் திமிங்கலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1980-களின் தொடக்கத்தில் ‘டூலிப்’ என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் திருக்கோணமலைக்கு வெளியே இவற்றைப் பார்த்து உலகுக்குச் சொன்னார்கள். பிறகு போர் மூண்டது, ஆய்வும் நின்றது. போர் ஓய்ந்த காலத்தில் ஆஷா டி வோஸ் போன்ற இலங்கை விஞ்ஞானிகள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்கள் உழைப்பு. பெண் திமிங்கலம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு கன்றை ஈனும். சினைக்காலம் மட்டும் ஏறக்குறைய ஒரு வருடம். இப்படிப்பட்ட கூட்டத்தில் தாய் ஒன்று செத்தால் அந்த இழப்பு பல ஆண்டுகளுக்கு ஈடாகாது.

இவ்வளவு பெரிய விலங்கால் கப்பலிடமிருந்து விலக முடியாதா? பிள்ளைகளின் பட்டியலில் சேர்க்க வேண்டிய கேள்வி இது. முடியாது என்பதற்குக் காரணங்கள் அதன் உடம்பிலேயே இருக்கின்றன. பத்துப் பதினைந்து நிமிடம் ஆழத்தில் இரை தேடும்போது அதன் இதயம் வெகுவாக நிதானித்துவிடுகிறது. கலிபோர்னியாவில் ஒரு திமிங்கலத்தின் மேல் கருவி ஒட்டி அளந்து 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அது ஆழத்தில் நிமிடத்துக்கு இரண்டு துடிப்புவரை இறங்கியது. மேலே வந்ததும் 37 வரை ஏறியது. அதாவது மேலே மிதக்கும் சில நிமிடங்கள் அது ஓய்வெடுக்கும் நேரமே இல்லை. மூச்சை வாங்கி வாங்கி விட்டு, உடம்பு முழுக்கப் பிராணவாயுவை நிரப்பிக்கொள்ள வேண்டிய நேரம் அது. அப்போதுதான் கப்பல் வருகிறது. கப்பலின் எந்திரமும் உந்துவிசிறியும் பின்பக்கம் இருப்பதால் இரைச்சலை அதன் நீண்ட உடலே மறைத்துவிடுகிறது. நேர் முன்னால், நீர்மட்டத்தில் கிடக்கும் விலங்குக்குச் சத்தம் குறைவாகவே எட்டும். இதே கலிபோர்னியாவில் திமிங்கலங்களையும் கப்பல்களையும் ஒரே நேரத்தில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, கப்பல் நெருங்கும்போது அவை பக்கவாட்டில் விலகுவதில்லை, முடிந்தால் மெதுவாகக் கொஞ்சம் கீழே இறங்குகின்றன, பல தடவை அதுவும் இல்லை என்று காட்டியது. கப்பல் என்ற ஒன்றே இல்லாத கடலில் லட்சக்கணக்கான ஆண்டுகள் வளர்ந்த பேருடல் அது. கப்பலிடமிருந்து தப்பிக்கும் வித்தை அதற்குத் தேவைப்பட்டதே இல்லை.

‘எத்தனை செத்திருக்கின்றன, கணக்குக் காட்டுங்கள்’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மோதி இறந்த திமிங்கலங்களில் பெரும்பாலானவை கடலிலேயே மூழ்கிவிடும். கரையொதுங்குவது ஒரு பங்குதான். 2012-ல் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த கப்பல் ஒன்றின் முன்முனையான அணியத்தில் ஒரு நீலத் திமிங்கலம் குறுக்கே மடிந்து தொங்கியபடி வந்தது. அதைச் சுமந்துகொண்டு வருவது கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அத்தனை பெரிய கப்பலில் அந்த மோதல் ஓர் அதிர்வாகக்கூட உணரப்படாது. சிக்கி வராமல் நழுவி விழுந்தவற்றைக் கணக்கெடுக்க யாரால் முடியும்? ஆகவே பிணங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, திமிங்கலங்கள் எங்கே அடர்ந்திருக்கின்றன, கப்பல்கள் எங்கே ஓடுகின்றன என்று இரண்டையும் அளந்து ஒப்பிட்டார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு: தடம் 15 கடல் மைல் தெற்கே போனால் மோதும் ஆபத்து சுமார் 95 விழுக்காடு குறையும். சூழலியலில் இவ்வளவு தெளிவான தீர்வு அமைவது அபூர்வம். பெரும்பாலான பிரச்சினைகளில் எதைச் செய்தாலும் பாதிதான் பலன் கிடைக்கும்.

அடுத்த ஆட்சேபணை வணிகம் பற்றியது. கப்பல் ஓட்டத்தில் ஒவ்வொரு மைலுக்கும் எண்ணெய்ச் செலவு, ஒவ்வொரு மணிக்கும் வாடகை. இதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் மலாக்காவுக்கும் சூயஸுக்கும் இடையே ஆயிரக்கணக்கான கடல் மைல் ஓடும் கப்பலுக்கு, நடுவில் ஒரு வளைவைச் சற்றுத் தள்ளி எடுப்பதால் கூடுவது சில கடல் மைல்தான். உலகின் மிகப் பெரிய பெட்டகக் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி. 2022-ல் யாருடைய கட்டாயமும் இல்லாமல் தன் கப்பல்களைத் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. அதற்காக அந்த நிறுவனம் ஒன்றும் நொடித்துவிடவில்லை. 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் இதே பெரு நிறுவனங்கள் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போயின. பல ஆயிரம் மைல், பத்து நாளுக்கு மேல் கூடுதல் பயணம். மாலுமிகளின் உயிருக்காகச் செய்ததை யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. பாதையை மாற்றவே முடியாது என்ற பேச்சுக்கு மட்டும் அதன்பின் இடமில்லை. கனடா 2003-லேயே ஃபண்டி வளைகுடாவில் ரைட் திமிங்கலங்களுக்காகத் தடத்தை மாற்றி வரைந்தது.

இலங்கையின் தயக்கத்துக்கு இதைவிடக் கனம் உண்டு. கப்பல்கள் விலகிப்போனால் காலி, அம்பாந்தோட்டை, கொழும்பு ஆகிய துறைமுகங்களில் எண்ணெய் நிரப்பவும் சரக்கு மாற்றவும் வருபவை குறைந்துவிடுமோ என்பது 2022-ன் பொருளாதார வீழ்ச்சியை அனுபவித்த நாட்டின் நியாயமான அச்சம். ஆனால் தடத்தை மாற்றுவது துறைமுகத்துக்குள் வரும் கப்பலைத் தடுக்காது. வர வேண்டியது தடத்திலிருந்து பிரிந்து வரும். நிற்காமல் கடந்துபோவது மட்டும் தள்ளிப்போகும். கரையோரமாக வலை போடும் சிறு படகுக்காரர்களுக்கும், மிரிஸ்ஸவில் திமிங்கலம் காட்டிப் பிழைப்பவர்களுக்கும் அந்த ராட்சதக் கப்பல்கள் தள்ளிப்போவது பாதுகாப்பு. தடத்தை மாற்றக் கோரிச் சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் முன்மொழிய வேண்டியது கரையோர நாடான இலங்கை. அந்த முன்மொழிவுக்கு இந்தியா வெளிப்படையாகத் துணை நிற்க வேண்டும். கடல் என்றாலே மீனவர் கைதும் கச்சத்தீவும்தான் இரு நாடுகளுக்கும் இடையே பேச்சு என்றாகிவிட்டது. இரண்டு பக்கமும் தோற்காத ஒரு பேச்சு இது.

இதில் நமக்கென்ன என்று கேட்கும் உள்ளூர்க்காரருக்கு என் பதில் மின்சாரத்திலிருந்து தொடங்குகிறது. தூத்துக்குடி அனல்மின் நிலையம் 210 மெகாவாட் அலகுகள் ஐந்தைக் கொண்டு அமைக்கப்பட்டது. அதற்கான ஒடிசா நிலக்கரி பாராதீப் துறைமுகத்தில் கப்பலேறுகிறது. பாக் நீரிணையும் ஆதம் பாலமும் பெருங்கப்பலுக்கு ஆழம் போதாதவை. ஆகவே அந்த நிலக்கரி இலங்கையைச் சுற்றி, தேவேந்திரமுனைக்குத் தெற்கே திரும்பித்தான் தூத்துக்குடி வந்து சேர வேண்டும். அங்கே விளையும் மின்சாரம் மாநிலத் தொகுப்பில் கலந்து செங்கம், போளூர், ஆரணி வரை வருகிறது. கடலையே பார்க்காத ஊரின் விளக்குக்கும் மோட்டாருக்கும் அந்தத் தடத்தில் பங்கு உண்டு. மின்வாரியத்துக்காக நிலக்கரிக் கப்பல்களை வாடகைக்கு அமர்த்தும் பொறுப்பை நெடுங்காலமாகச் செய்துவருவது தமிழக அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடும் அதே கழகம்தான். அதன் வாடகை ஒப்பந்தத்தில், தேவேந்திரமுனையைக் கடக்கும்போது இப்போதைய தடத்துக்கு 15 கடல் மைல் தெற்கே செல்ல வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்க எந்த வெளிநாட்டு ஒப்புதலும் வேண்டாம். வளைவு இறுக்கமாக இருப்பதால் இந்தக் கப்பல்களுக்குக் கூடுதல் தூரம் சற்று அதிகம்தான். ஏறக்குறைய நான்கு நாள் பயணத்தில் இரண்டு மூன்று மணி நேரம் கூடலாம். அந்தச் செலவை மறைக்காமல் சொல்லி, ஏற்றுக்கொள்ளலாம் என்றே நான் கேட்கிறேன்.

தண்ணீர்ப் பஞ்சமும் வேலையின்மையும் உள்ள மாவட்டத்தில் திமிங்கலத்துக்காகப் பேசுவது ஆடம்பரம் என்று சொல்லலாம். திமிங்கலக் கழிவு கடலின் மிதவைப் பாசிக்கு உரமாகிறது, மீன்வளத்துக்கு நல்லது என்று பயன் சொல்லி இதற்குப் பதில் தருபவர்கள் இருக்கிறார்கள். அந்த வழியில் வாதாட எனக்கு விருப்பமில்லை. பயன் இல்லையென்றால் சாகட்டுமா என்ற கேள்வி உடனே எழும். திருவண்ணாமலைக்கு இதைவிடப் பழக்கமான நியாயம் ஒன்று உண்டு. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இரவெல்லாம் நடக்கிறார்கள். அன்றைக்கு லாரிகளைப் பாதையில் விடுவதில்லை. ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போட்டு, வண்டிகளைச் சுற்றிப் போகச் சொல்கிறோம். டீசல் கூடுதலாகிறது, நேரம் ஆகிறது, ஓட்டுநர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் வண்டிதான் விலக வேண்டும் என்பதில் இந்த ஊரில் இரண்டு கருத்து இல்லை. ஏனென்றால் விலகக்கூடியது அதுதான்.

நெரிசல் இனிக் குறையப்போவதும் இல்லை. விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறக்கப்பட்டிருக்கிறது. உலகின் மிகப் பெரிய பெட்டகக் கப்பல்கள் நம் தென்முனைக்கு வந்து திரும்புகின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நீலத் திமிங்கலம் புலியோடு ஒரே அட்டவணையில், முதல் அட்டவணையில் இருக்கிறது. நாட்டின் எல்லை தாண்டியதும் அந்தச் சட்டம் நின்றுவிடுகிறது, வாடகை ஒப்பந்தம் நிற்பதில்லை. பூம்புகார் கழகம் நெடுஞ்சாலைகள் மற்றும் சிறு துறைமுகங்கள் துறையின் கீழ் வருகிறது. அத்துறையின் மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வரும்போது, சாலையும் பாலமும் கேட்கும் நம் மாவட்டத்து உறுப்பினர்களில் ஒருவர் எழுந்து, நிலக்கரிக் கப்பல்கள் எந்தத் தடத்தில், எந்த வேகத்தில் தேவேந்திரமுனையைக் கடக்கின்றன, அடுத்த ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனை சேருமா என்று அமைச்சரிடம் கேட்கலாம்.