புதுப்பித்தலா? புரட்டா?

கைப்பேசி வைத்திருக்கிறவர்களுக்கு, “உடனே அப்டேட் செய், இன்றேல் கணக்கு முடக்கப்படும்” என்பதாக ஏதாவதொரு கட்டளை அடிக்கடி வந்துகொண்டேயிருக்கிறது. இவற்றில் மெய் எது, பொய் எது என்று அறியும் வகையைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறோம்.

பெரியாற்றுக் கால்வாயை நம்பி நெல் பயிரிடும் மேலூர்ப் பக்கத்துத் தோழர் ஒருவர் சில நாட்களுக்கு முன் நம்மிடம் வந்தார். அவருடைய வாட்ஸ்அப்பில், உறவினர் ஒருவர் எண்ணிலிருந்தே, “பி.எம். கிசான் புதிய பதிப்பு” என்று ஒரு ஏ.பி.கே. கோப்பு வந்திருந்தது. அதைப் பதியாவிட்டால் அடுத்த தவணை 2,000 ரூபாய் நின்றுவிடுமாம்! அழுத்தப்போகும் சமயத்தில் சந்தேகம் தட்டியதால் தோழர் தப்பினார். அழுத்தியிருந்தால் நடப்பது யாதெனில், அக்கோப்பு குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் பாங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண் நேரே திருடனிடம் போய்ச் சேரும். இப்புரட்டைப் பற்றித் தமிழ்நாட்டுப் போலீசின் சைபர் குற்றப் பிரிவு 2024லேயே எச்சரித்திருக்கிறது.

நிற்க. இதைக் கேட்டவுடன் சிலர், “எந்த அப்டேட்டையும் தொடாமலிருப்பதே உத்தமம்” என்று உபதேசிக்கிறார்கள். இதுவும் தவறே. 2017 மார்ச்சில் மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸிலிருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. அதைப் போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர்களைத்தான் அவ்வருஷம் மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் வைரஸ் உலகெங்கும் முடக்கிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. எல்லாவற்றையும் நம்புகிறவனும் யோசிப்பதில்லை. எல்லாவற்றையும் மறுக்கிறவனும் யோசிப்பதில்லை.

அப்படியானால் கண்டறிவது எப்படி? சர்க்கார் முத்திரையையும் பாங்கிச் சின்னத்தையும் பார்த்துப் பிரயோஜனமில்லை. படத்தை எவனும் ஒட்டலாம். அனுப்பியவர் சொந்தக்காரர் என்பதும் சாட்சியாகாது. அவர் கைப்பேசியே திருடன் வசமாகியிருக்கலாம். பார்க்கவேண்டியது அது வந்த வழியையே. மெய்யான திருத்தம் கைப்பேசியின் செட்டிங்ஸிலோ பிளே ஸ்டோரிலோ காத்திருக்கும். ஆகவே, வந்த கட்டளையை அழுத்தாமல் மூடிவிட்டு, நாமே அவ்விடம் போய்ப் பார்க்கவேண்டும். இருந்தால் போட்டுக்கொள்க, இல்லையேல் விட்டுவிடுக. பிரவுசரில் ஏதோ ஒரு பக்கம் படிக்கும்போது “உமது குரோம் பழசாகிவிட்டது” என்று குதிப்பதற்கும் இதே விதிதான்.

இன்னொரு சங்கதி. ஆண்ட்ராய்டில் ஏற்கெனவே உள்ள செயலிக்கு வரும் அப்டேட், முன் பதிப்பைச் செய்தவரின் அதே மின்கையொப்பத்தோடு வந்தாலன்றிக் கைப்பேசி ஏற்காது. அதனால்தான் புரட்டன் “அப்டேட்” என்று பெயர் சொல்லிக்கொண்டு தனிச் செயலியாக நுழைகிறான். “தெரியாத இடத்திலிருந்து பதிய அனுமதிக்கிறீரா?” என்று கைப்பேசி கேட்கும்போதே அவன் வேஷம் கலைந்துவிடுகிறது.

சரியான வழியும் கெடுவதுண்டு. 2017 ஜூனில் உக்ரைன் தேசத்தில் எம்.இ.டாக் என்னும் கணக்குச் செயலியின் சொந்த அப்டேட் மூலமாகவே நாட்பெட்யா என்னும் நாசவேலை பரவிற்று. அது செயலியை உபயோகித்தவர்களின் குற்றமன்று. வழியைக் காக்கத் தவறியவர்களின் குற்றமாகும்.

ஏமாந்த உழவனை முட்டாள் என்று ஏசும் பெரிய மனிதர்களை நாம் ஒன்று கேட்கிறோம். குறுஞ்செய்தியில் “இதை அழுத்து” என்று லிங்க் அனுப்பியனுப்பி மக்களைப் பழக்கியவர்கள் யார்? அவனுக்குப் புரியாத இங்கிலீஷில் எச்சரிக்கைகளை அச்சடித்துவிட்டுக் கடமை தீர்ந்ததென்று இருப்பவர்கள் யார்?

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. உடனே 1930 என்னும் எண்ணுக்கும் பாங்கிக்கும் தெரிவிக்கவேண்டும். தெரிவித்த பிறகு ஏற்படும் நஷ்டம் பாங்கியையே சேருமென்று ரிசர்வ் பாங்கு 2017லேயே உத்தரவிட்டது. ஆகையால் ஒவ்வொரு நிமிஷமும் பணமாகும்.

முடிவாக, நம்மை அவசரப்படுத்துகிறவன் எவனாயினும், நாம் யோசித்தால் தன் காரியம் கெட்டுவிடுமென்று பயப்படுகிறவனாகவே இருப்பான். அவனுக்காக நாம் அவசரப்படவேண்டியதில்லை என்பதே நமது அபிப்பிராயம்.