அனர்த்த ஒருங்கிணைப்பில் உள்ளகப் பயிற்சி: கொடுப்பனவு, மொழி, பொறுப்பு பற்றிய நிலைப்பாடு

அனர்த்தம் நேரும்போது அரிசி, தண்ணீர், மருந்து, கூடாரம் எல்லாம் பெரும்பாலும் நாட்டில் எங்கேயோ இருக்கவே செய்யும். எந்தப் பாடசாலையில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், யார் என்ன கொடுத்துவிட்டார்கள், யார் கணக்கில் வராமல் போனார்கள் என்பது தெரியாதபோது ஒரே இடத்துக்கு மூன்று லொறி சோற்றுப் பார்சல் போகும். அடுத்த ஒழுங்கையில் பிள்ளைகள் பசியோடு இருப்பார்கள். இந்தத் தகவலைத் திரட்டி, சரிபார்த்து, உரியவரிடம் நேரத்துக்குச் சேர்ப்பதே அனர்த்த ஒருங்கிணைப்பு. இப்பணியில் உள்ளகப் பயிற்சி பெறும் இளையோரை எப்படிச் சேர்ப்பது, அவர்களுக்கு என்ன கொடுப்பது, எந்த வேலையை அவர்கள் கையில் விடக்கூடாது என்பன பற்றிய நிலைப்பாடு இது.

நிலைப்பாட்டின் சுருக்கம்

அனர்த்த ஒருங்கிணைப்பில் பயிலுநர்கள் சேர்க்கப்பட வேண்டும். அவர்களுக்குக் கொடுப்பனவு வழங்கப்பட வேண்டும். பயிற்சி பிரதேச செயலக மட்டத்தில் தொடங்க வேண்டும். பாதிக்கப்பட்டோரின் மொழியில் வேலை செய்யும் ஆற்றல் கல்வித் தகைமைக்கு நிகரான தகைமையாகக் கொள்ளப்பட வேண்டும். பயிலுநரின் வேலைக்கு எழுத்திலான எல்லை இருக்க வேண்டும். கொடுப்பனவில்லாத பயிற்சி, வசதியுள்ளவரைத் தெரிந்தெடுக்கிறது. அதனால் மக்களையும் இடத்தையும் அறிந்தவர் மேசைக்கு வராமலே போகிறார் என்பதே இந்நிலைப்பாட்டின் அடிப்படை.

ஒருங்கிணைப்பின் கட்டமைப்பு

உலக அளவில் இப்பணிக்கு 1991 டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய 46/182ஆம் இலக்கத் தீர்மானம் அடிக்கல். அதன்வழி உருவான பிரிவே 1998 முதல் மனிதாபிமான விவகார ஒருங்கிணைப்பு அலுவலகம் என இயங்குகிறது. 2005இல், நீரும் சுகாதாரமும், தங்குமிடம், போசாக்கு எனத் துறைக்கொரு முதன்மை நிறுவனத்தைப் பொறுப்பாக்கும் கொத்தணி முறை வந்தது.

இலங்கையில் 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகே இதற்கெனச் சட்டம் பிறந்தது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் சனாதிபதியின் தலைமையில் தேசிய பேரவையையும் அதன்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும் அமைத்தது. தகவல் கிராம அலுவலரிடமிருந்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து மாவட்டச் செயலகத்திலுள்ள ஒருங்கிணைப்பு அலகுக்கும், அங்கிருந்து கொழும்பிலுள்ள நிலையத்துக்கும் ஏறுகிறது. 14,000க்கும் மேற்பட்ட கிராம அலுவலர் பிரிவுகள் 25 மாவட்டங்களாகச் சுருங்கி ஒரே அட்டவணையில் வந்து நிற்கின்றன. அடிப்படியில் விழுந்த பிழை மேல்படியில் கண்ணுக்குத் தெரியாது.

ஆழிப்பேரலைக்குப் பின் வெளிநாட்டு நிறுவனங்கள் திரண்டு வந்தன. 2006இல் வெளியான கூட்டு மதிப்பீடு, உள்ளூர் ஆற்றலை அவை போதியளவு பயன்படுத்தவில்லை என்று கண்டது. 2016இல் இஸ்தான்புல் மனிதாபிமான உச்சி மாநாட்டில், 2020க்குள் உதவி நிதியில் 25 வீதத்தை இயன்றவரை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுப்பதென இணக்கம் காணப்பட்டது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. பணம் உள்ளூருக்கு வர வேண்டுமானால், அதைக் கையாளும் ஆட்களும் உள்ளூரில் உருவாக வேண்டும். உள்ளகப் பயிற்சியின் முக்கியத்துவம் இதில்தான் இருக்கிறது.

பயிலுநரின் மேசை

பயிலுநர் பெரும்பாலும் செய்வது பட்டியல் வேலை. நிலைமை அறிக்கையின் அட்டவணையில் குடும்பங்களுக்கு ஒரு நிரல், ஆட்களுக்கு இன்னொரு நிரல். சமைத்த உணவு ஆள் கணக்கில் போகும். உலர் உணவுப் பொதி குடும்ப அளவைப் பார்த்துப் போகும். இரண்டு எண்களும் இடம் மாறினால் நானூறு பேருக்கு வேண்டிய சோறு நூறு பேருக்கே சமைக்கப்படும்.

களனி கங்கையின் நீர்மட்ட அறிக்கை இன்னொரு பாடம். கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலுள்ள நாகலகம் வீதி நீர்மானி அடியில் காட்டுகிறது. மேலேயுள்ள ஹங்வெல்லை நீர்மானி மீற்றரில் காட்டுகிறது. நாகலகம் வீதியில் 7 என்றால் பெருவெள்ளம். ஹங்வெல்லையில் அதே 7 எச்சரிக்கை மட்டம் மாத்திரமே. பெருவெள்ளம் அங்கே 10இல் தொடங்குகிறது. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பிரதி செய்தால் கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் மக்கள் பிந்தி எழும்புவார்கள், அல்லது வீணாக ஓடுவார்கள்.

பாதுகாப்பு நிலையமாக்கப்பட்ட பாடசாலையில் கணக்கு வேறு விதம். ஒருவருக்கு ஆகக்குறைந்தது 3.5 சதுர மீற்றர் இடமும் நாளொன்றுக்கு 15 லீற்றர் நீரும் வேண்டும் என்பது மனிதாபிமான உதவிக்கான ஸ்ஃபியர் கைநூலின் தர அளவு. 20 மீற்றர் நீளமும் 8 மீற்றர் அகலமும் கொண்ட மண்டபத்தில் 45 பேருக்கே இடமுண்டு. அவர்களுக்கு நாளுக்கு 675 லீற்றர் நீர் வேண்டும். அங்கே 120 பேர் படுத்திருந்தால், அதை எழுதி அனுப்புவதே அன்றைய முதல் வேலை.

மொழி

அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் உரிமை ஏட்டில் இருப்பதும் அனர்த்த இரவில் ஒருவருக்குப் புரியும்படி அறிவித்தல் கிடைப்பதும் வேறுவேறு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மண்சரிவுகள் மோசமாகத் தாக்கிய கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் தமிழ் பேசும் தோட்ட மக்கள் பெருந்தொகையினர்.

பதிவேட்டில் மொழிச் சிக்கல் நுணுக்கமாக நுழைகிறது. சிங்கள எழுத்தில் ழகரம் இல்லை. யாழினி ஒரு பட்டியலில் யாலினி, மற்றொன்றில் யாளினி. தகப்பனின் பெயர் முதலெழுத்தாக ஓரிடத்திலும் முழுப்பெயராக இன்னோரிடத்திலும் வந்தால், ஒரே ஆள் இரண்டு பேராவார். அல்லது இரட்டைப் பதிவென்று இரண்டுமே வெட்டப்படும். அடையாள அட்டை இலக்கம் இதைத் தீர்க்கும். அட்டை வெள்ளத்தில் போயிருந்தால், கேட்டு எழுதுபவரின் காதே ஆதாரம். லயன் அறையொன்றில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே முகவரியில் இருப்பதையும், முகவரியை மட்டும் பார்த்தால் ஒரு பொதியே கிடைக்கும் என்பதையும் தோட்டத்தில் வளர்ந்த பயிலுநருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கொடுப்பனவு

ஐ.நா. செயலகத்தின் உள்ளகப் பயிற்சி நெடுங்காலமாகக் கொடுப்பனவு இல்லாதது. 2015இல் ஜெனீவாவில் பயிலுநர் ஒருவர் வாடகைக்கு வழியின்றிக் கூடாரத்தில் தங்கியதாகச் செய்தி வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020 முதல் பயிலுநர்க்குக் கொடுப்பனவு வழங்குகிறது. ஆகவே இது முடியாத காரியமன்று.

கொழும்பில் இதே கணக்கு சிறிய அளவில் நடக்கிறது. கல்கிசையிலோ வெள்ளவத்தையிலோ பெற்றோரின் வீடு உள்ளவர் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிச் சம்பளமின்றி ஆறு மாதம் வேலை செய்யலாம். ஹற்றனிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருபவருக்கு போடிங் வாடகையும் சாப்பாடும் கைக்காசு. அவர் விண்ணப்பிப்பதே இல்லை. விண்ணப்பிக்காதவர் எந்தப் புள்ளிவிபரத்திலும் வரமாட்டார் என்பதால், தெரிவு நியாயமாக நடந்ததாகவே தோன்றும்.

கொடுப்பனவு, 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் விதிக்கும் மாதத் தொகைக்குக் குறையக்கூடாது. வெளிமாவட்டத்தவருக்குத் தங்குமிடச் செலவு தனியாகச் சேர வேண்டும்.

பாதுகாப்பும் எல்லையும்

2006 ஓகஸ்டில் மூதூரில் பிரெஞ்சு தொண்டு நிறுவனமொன்றின் 17 ஊழியர்கள் கொல்லப்பட்டனர். அனைவரும் இந்நாட்டவர். மனிதாபிமானப் பணியில் ஆபத்து உள்ளூரவர் மீதே முதலில் விழுகிறது என்பதை அச்சம்பவம் காட்டியது. வெள்ளமும் மண்சரிவும் ஆயுத மோதல்கள் அல்ல என்றாலும், பயிற்சியில் இருப்பவரை அனுப்பும் பொறுப்பு அதே கனமுடையது.

ஆகவே பயிலுநர் தனியே களத்துக்கு அனுப்பப்படக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை அமுலிலுள்ள பிரிவுக்குள் அவர் போகக்கூடாது. இறந்தோர், காணாமற்போனோர் விபரங்களைச் சரிபார்த்து வெளியிடும் பொறுப்பு நிரந்தர அலுவலருடையது. காப்புறுதியும், துயரத்தை அருகிருந்து கேட்பவருக்கு வேண்டிய உளவளத் துணையும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

பதிவேடுகள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் உட்கருத்தோடு கையாளப்பட வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், கர்ப்பம், நோய் என்பன அடங்கிய பட்டியலின் படத்தை வட்ஸ்அப் குழுவில் போடுவது அவசரத்தால் நியாயமாகாது. பயிற்சி முடியும் நாளில் பயிலுநரின் கைப்பேசியிலும் கணினியிலும் அந்தத் தரவு இருக்கக்கூடாது.

மறுப்புகள்

சிறிய அமைப்புகளுக்குக் கொடுப்பனவுக்கு நிதியில்லை என்பது முதல் மறுப்பு. உண்மைதான். அதற்கான விடை, பத்துப் பேரைச் சும்மா வைத்திருப்பதற்குப் பதிலாக இருவரைக் கொடுப்பனவுடன் சேர்ப்பதும், கொடையாளரின் திட்ட வரவுசெலவில் பயிலுநர் செலவைத் தனி வரியாக எழுதுவதும்.

அனர்த்த வேளையில் பழக்க நேரமில்லை என்பது இரண்டாவது. அதனாலேயே பயிற்சி மழைக்கு முன்பே தொடங்க வேண்டும். தென்மேல் பருவமழை மே மாதத்திலும், வடகீழ் பருவமழை டிசெம்பரிலும் வரும். பெப்ரவரியிலும் ஓகஸ்டிலும் சேர்ப்பவர், மழை வரும்போது பெயர்களையும் நீர்மானிகளையும் அறிந்திருப்பார்.

தொண்டு மனத்தோடு செய்ய வேண்டியதற்குக் காசு எதற்கு என்பது மூன்றாவது. சோறு சமைக்கும் கோயில் மண்டபத்திலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் தொண்டர் பணி என்றும் உண்டு. அதற்கு எவரும் விலை கேட்பதில்லை. காலை எட்டு மணிக்கு வந்து, மேற்பார்வையின்கீழ், தவறினால் கேள்வி கேட்கப்படும் வேலை வேறு. பொறுப்பைச் சுமத்துபவர் கொடுப்பனவையும் சுமக்க வேண்டும்.

கோரிக்கைகள்

அனர்த்த முகாமைத்துவ நிலையம், பிரதேச செயலகங்களில் பயிலுநர் இடங்களை அறிவித்து, கொழும்பு மாவட்டத்தில் தெஹிவளை, இரத்மலானை, திம்பிரிகஸ்யாய, கொழும்பு ஆகிய பிரதேச செயலகங்களில் தொடங்கலாம். ஒவ்வோர் இடத்திலும் சிங்களம், தமிழ் இரண்டிலும் எழுதக்கூடிய ஒருவராவது இருக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் இப்பயிற்சிக்குப் பாடப் புள்ளி வழங்கி, கள ஏட்டைப் பரீட்சைத் தாளுக்கு நிகராக மதிப்பிட வேண்டும்.

ஐ.நா. நிறுவனங்களும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் ஆங்கில நேர்காணலை மட்டும் வைத்து ஆளெடுப்பதை நிறுத்தி, பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தைக் கேட்டு எழுதும் சோதனையைச் சேர்க்க வேண்டும்.

பயிலுநரை வைத்திருக்கும் ஒவ்வோர் அமைப்பும் வேலையின் எல்லை, மேற்பார்வையாளர், கொடுப்பனவு, காப்புறுதி ஆகிய நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, அவருக்கு விளங்கும் மொழியில் முதல் நாளே கையில் கொடுக்க வேண்டும்.